விடையைத் தலைப்பிலேயே எழுதிவிட்டால் எதை ஆராய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை விடாமல் வாசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆசிரியர்கள் செய்யும் செயலாராய்ச்சி பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பேச்சு வந்தாலே ஆசிரியர்களுக்கு நேரமில்லை, ஆர்வமில்லை, நிதி ஒதுக்குவதில்லை என்றுதான் பேசுவோம். அதிலெல்லாம் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அதற்கும் முந்தின குறையாகப் படுவது, நாம் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதில்லை என்பதுதான். ஒரு நல்ல கேள்வியை எப்படி உருவாக்குவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதும் இல்லை.

வெளியில் உள்ள வாசகர்களுக்காக இரண்டு வரி. வகுப்பு எடுக்கிற ஆசிரியரே தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கவனித்து எழுதி, மறுபடி மாற்றிப் பார்ப்பதுதான் செயலாராய்ச்சி. பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டிலும் இதைப் படித்துவிட்டுத்தான் வருகிறோம். பணிக்கு வந்த பிறகு, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து செயலாராய்ச்சிக்குத் தலைப்பு கேட்டு அவ்வப்போது சுற்றறிக்கை வரும். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கேட்பது தலைப்பை. கேள்வியை யாரும் கேட்பதில்லை.

எழுதி அனுப்பப்படும் தலைப்புகள் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். 'ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கில வாசிப்புத் திறனை மின்னட்டைகள் மூலம் மேம்படுத்துதல்.' 'நான்காம் வகுப்பு மாணவர்களின் கழித்தல் திறனை விளையாட்டு முறையில் மேம்படுத்துதல்.' வகுப்பையும் பாடத்தையும் கருவியையும் மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம், வாக்கியம் அதேதான். இந்தத் தலைப்பிலேயே விடை வந்துவிட்டதைக் கவனியுங்கள். மின்னட்டை, அதாவது எழுத்தோ சொல்லோ எழுதிய சின்ன அட்டை, காட்டினால் வாசிப்பு மேம்படும் என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாயிற்று. அப்புறம் ஒரு முன் தேர்வு, சில வாரம் மின்னட்டை, கிட்டத்தட்ட அதே வினாத்தாளோடு ஒரு பின் தேர்வு. சராசரி கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? சில வாரம் ஓர் ஆசிரியர் சின்னக் குழுவோடு உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தால், மின்னட்டையே இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கொஞ்சம் தேறத்தான் செய்வார்கள். மின்னட்டை எதைச் செய்தது, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தது எதைச் செய்தது, அதே தேர்வை இரண்டாவது முறை எழுதியது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல அந்த அறிக்கையில் ஒன்றும் இருக்காது. எந்தப் பிள்ளைக்கு உதவவில்லை என்ற தகவலும் இருக்காது. சராசரிக்குள் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும்.

இதை ஆசிரியர்களின் குற்றமாக நான் சொல்லவில்லை. படிவம் அப்படி இருக்கிறது. தலைப்பு, ஆய்வின் தேவை, நோக்கங்கள், கருதுகோள், மாதிரி, கருவி, புள்ளியியல் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 'உங்கள் வகுப்பில் உங்களுக்குப் புரியாமல் இருப்பது என்ன?' என்று ஒரு கட்டம்கூட இருக்காது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, ஏன் என் வகுப்பில் பெண் பிள்ளைகள் கணக்குப் பாடவேளையில் மட்டும் வாயே திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தபோது, இது தலைப்பு மாதிரி இல்லையே, 'மேம்படுத்துதல்' என்று முடிகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அவர் மாற்றிக் கொடுத்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த மாற்றத்தில் அவருடைய கேள்வி செத்துவிட்டது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இந்த முறையின் தொடக்கத்தைப் பார்த்தால் இப்படி ஆகியிருக்க வேண்டியதே இல்லை. 1946இல் அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் செயலாராய்ச்சி என்ற கருத்தை எழுதியபோது, திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், அதை வைத்து மறுபடி திட்டமிடு என்ற சுழற்சியாகத்தான் சொன்னார். 1953இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1975இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியரே ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும், பாடத்திட்டம் சொல்வதை அவர் தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தபோது, செயலாராய்ச்சியும் அவற்றின் வேலைகளில் ஒன்றாகவே வைக்கப்பட்டது. இவர்கள் யாருமே ஆசிரியர் ஒரு கருவிக்கு நற்சான்றிதழ் எழுதித் தர வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை அவர் தன் வகுப்பிலேயே தேட முடியும் என்பதுதான் அடிப்படை.

சரி, நல்ல கேள்வி எங்கிருந்து வரும்? என் அனுபவத்தில் பெரும்பாலும் பிள்ளைகளின் நோட்டிலிருந்துதான். எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சக ஆசிரியர் ஒருவர், கழித்தலில் பிள்ளைகள் பலவீனமாக இருக்கிறார்கள், அதற்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தார். 'பலவீனம்' என்று சொன்னால் ஒன்றும் பிடிபடாது. அதனால் தப்பாகப் போட்ட கணக்குகளை மட்டும் எடுத்து மேசைமேல் பரப்பினோம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் நிறைய நோட்டுகளில் 35 என்று இருந்தது. வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பார்த்து எழுதியிருக்க முடியாது. 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறார்கள், அப்புறம் 5இலிருந்து 2 போக 3. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது. ஆக இது கவனக்குறைவு இல்லை. பிள்ளைகள் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள், விதிதான் தப்பு.

அதே பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டு, அண்ணாச்சி கடையில் உன்னிடம் 52 ரூபாய் இருக்கிறது, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினாய், மீதி எவ்வளவு என்று கேட்டார் அவர். ஒரு பையன் விரலைக்கூட மடக்காமல் 25 என்றான். எப்படிடா என்றதற்கு, 27க்கு மேல் 3 போட்டால் 30, அப்புறம் 20 போட்டால் 50, அப்புறம் ஒரு 2 என்றான். நோட்டில் 35 போட்டவனும் அவனேதான். அந்த 35ஐக் காட்டி, இது சரியா என்று கேட்டபோது, இது கணக்கு நோட்டு சார், அது கடை என்றான்.

இப்போது கேள்வி எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். 'கழித்தல் திறனை எப்படி மேம்படுத்துவது?' என்பது போய், 'கடைக் கணக்கைச் சரியாகச் சொல்கிற பிள்ளை, அதே எண்களை மேலும் கீழுமாக எழுதியதும் ஏன் வேறு வழியில் போகிறது? எழுதுவதற்கு முன்னால் விடை 30க்கு மேலே வருமா கீழே வருமா என்று வாயால் சொல்லச் சொன்னால் என்ன மாறுகிறது?' என்று வந்து நின்றது. முதல் கேள்விக்கு மின்னட்டை, விளையாட்டு, மணிச்சட்டம் என எதைச் சொன்னாலும் பொருந்தும், அதனாலேயே அது எதையும் காட்டாது. இரண்டாவது கேள்விக்கு நாளைக் காலை வகுப்பில் என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், எந்த நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. விடை என்னவாக இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உத்தேசமாகச் சொல்லச் சொன்னது சிலருக்கு உதவியது. சிலர் 30க்குக் கீழே என்று சரியாகச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் உறுத்தல் இல்லாமல் 35 என்றே எழுதினார்கள். அங்கிருந்து அடுத்த கேள்வி பிறந்தது: சொன்னதையும் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே பிள்ளைகளுக்கு எப்போது தோன்றுகிறது? முன் தேர்வு, பின் தேர்வு சராசரியில் இது எந்தக் காலத்திலும் வெளியே வந்திருக்காது.

இன்னொரு வகைக் கேள்வி ஆசிரியர் தன்னைப் பற்றியே கேட்பது. இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 'மாணவர்கள் ஏன் பதில் சொல்வதில்லை?' என்று கேட்டால் குறை பிள்ளைகள் மேல் போய்விடுகிறது. 'கேள்வி கேட்ட பிறகு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்? யாருக்காகக் கூடுதலாகக் காத்திருக்கிறேன்?' என்று கேட்டால் நிலைமையே வேறு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுவது கூடியது, பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. இதை நம் வகுப்பில் பார்க்கக் கையில் உள்ள போன் போதும். மேசையில் வைத்து ஒரு பாடவேளையைப் பதிவு செய்து, இரவு வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். ஆண் பிள்ளைக்கு எத்தனை விநாடி, பெண் பிள்ளைக்கு எத்தனை, 'இவனுக்குத் தெரியாது' என்று நாம் முடிவு கட்டிவிட்ட பிள்ளைக்கு எத்தனை என்று பார்த்தால், அந்த ஆசிரியை எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்த கேள்விக்குக்கூட ஒரு வழி கிடைத்திருக்கும்.

நம் கைக்கு எட்டாத கேள்விகளும் உண்டு. பெற்றோர் படிக்காதவர்கள், அப்பா குடிக்கிறார், குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது, இதெல்லாம் நிஜம். வட மாவட்டங்களில் பணியாற்றுகிற ஆசிரியர்களுக்குத் தெரியும், பொங்கல் முடிந்தால் சில பிள்ளைகளின் இடம் காலியாகிவிடும். 'இடம்பெயர்வதால் கல்வி பாதிக்கிறதா?' என்று ஆராய்ந்தால் விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைத் தெரிந்துகொண்டு ஓர் ஆசிரியர் வகுப்பில் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் சூளையிலிருந்து திரும்பி வந்த பிள்ளையை முதல் வாரம் உன்னிப்பாகக் கவனித்தால் எத்தனையோ கேட்கலாம். எதை மறக்காமல் வைத்திருக்கிறது? எதை மறந்திருக்கிறது? யாரோடு உட்காருகிறது? சூளையில் கல் எண்ணிப் பழகிய பிள்ளை ஆயிரம் ஆயிரமாக எண்ணுமே, அதை வாய்பாட்டுப் பாடத்தில் எங்கே பயன்படுத்தலாம்? இந்தக் கேள்விகளுக்கு நாம் ஏதாவது செய்ய முடியும். சமூகப் பிரச்சினையைச் சின்னதாக்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெரிய பிரச்சினை எங்கள் வகுப்பறைக்குள் வரும்போது எந்த உருவத்தில் வருகிறது என்பதை நாங்கள்தான் பார்க்கிறோம், எனவே நாங்கள்தான் எழுத முடியும்.

அரசின் திட்டங்களைப் பற்றியும் இப்படிக் கேட்க இடம் வேண்டும். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவதில் பெரிய நன்மை இருக்கிறது, எழுத்தே தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த கொடுமை குறைந்தது. 'இத்திட்டம் வெற்றியா?' என்று ஓர் ஆசிரியர் கேட்டுப் பயனில்லை, அதற்குப் பெரிய அளவில் ஆராய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் 'என் வகுப்பில் அரும்பில் இருக்கும் பிள்ளை அங்கிருந்து நகர எது உதவுகிறது? தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால் விளையாட்டு மைதானத்தில் அது எப்படி வெளிப்படுகிறது?' என்பதை வகுப்பில் இருப்பவரைத் தவிர யாராலும் பார்க்க முடியாது. எதிர்ப்புக் கேள்வி என்று இதைப் பார்க்கக் கூடாது. திட்டத்தை நன்றாக நடத்த விரும்புகிறவர்தான் இதைக் கேட்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளைச் 'சோதனைக் குழு', மீதியைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று பிரித்து, நல்லது என்று நாமே நம்புகிற ஒன்றை ஒரு பாதிக்கு மட்டும் கொடுக்கிற வழக்கம் தொடக்கப் பள்ளியில் வேண்டவே வேண்டாம். நாம் மருந்துக் கம்பெனி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, எனக்கு ஏன் இல்லை டீச்சர் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அதேபோல 'மெல்லக் கற்போர்' என்று பெயர்ப் பட்டியலோடு அறிக்கையை அச்சடித்துப் பரப்புவதும் தவறு.

கேள்வியைத் தனியாக உட்கார்ந்து செதுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கழித்தல் கேள்வி உருவானதே இரண்டு மூன்று பேர் சேர்ந்து நோட்டைப் பார்த்ததால்தான். 'அதெப்படித் தெரியும்?' 'வேறு காரணம் இருக்கலாமே?' 'இதற்கு விடை கிடைத்தால் நீ என்ன செய்வாய்?' என்று சக ஆசிரியர் கேட்கக் கேட்க, மங்கலாக இருந்தது தெளிவாகும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இதற்கான இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடுகிற குறுவள மையக் கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்தில் காணொலி பார்ப்பதும், வந்த கருத்துகளை அப்படியே கேட்டுக்கொள்வதும், செயலியில் பதிவேற்றுவதுமாகப் பொழுது போய்விடுகிறது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், ஆளுக்கு ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இதில் எனக்குப் புரியாதது இது என்று பேச விட்டால் போதும். ஈராசிரியர் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு இதைப் பேச வேறு ஆளே கிடையாது என்பதை அதிகாரிகள் நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சி நிறுவனங்களுக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் வைக்கிற வேண்டுகோள் பெரிதொன்றும் இல்லை. படிவத்தில் தலைப்புக்கு முன்னால், ஆசிரியருக்குப் புரியாமல் இருப்பது என்ன, அதை எந்தப் பிள்ளையிடம், எந்த வேலையில் பார்த்தார் என்று எழுத அரைப் பக்கம் கொடுங்கள். நடுவில் கேள்வி மாறினால் அதைக் குறையாக எண்ணாதீர்கள், கவனித்துப் பார்த்தால் கேள்வி மாறத்தான் செய்யும். 'நினைத்தது நடக்கவில்லை' என்று முடிகிற அறிக்கையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட அறிக்கை ஒன்றுகூட இல்லாத மாவட்டத்தில் ஆசிரியர்கள் பயந்துபோய் எழுதுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்புக்குப் புள்ளியியல் சோதனை கேட்டு நச்சரிக்காதீர்கள், நான்கு பிள்ளைகளைப் பற்றிய நல்ல குறிப்புகள் அதைவிட அதிகம் சொல்லும். இதற்கு நிதி பெரிதாகத் தேவையில்லை. தேவைப்படுவது நேரம், அதைத் தர வேண்டுமானால் எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு செய்யும் வேலைகளில் கொஞ்சம் குறைத்தாக வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சாதனைகளைப் படத்தோடு போடுகிறீர்கள், அதைப் பார்க்கும்போது எங்களுக்கு உண்மையிலேயே தெம்பாக இருக்கிறது. அதே பக்கத்தின் ஒரு மூலையில், வாரம் ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் இப்போது தேடிக்கொண்டிருக்கும் கேள்வியை, விடை இல்லாமலேயே, ஐந்தாறு வரியில் வெளியிட முடியுமா? வேறொரு மாவட்டத்தில் அதே 35ஐ நோட்டில் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவர் நிச்சயம் பதில் எழுதுவார். முதல் வாரத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்தே ஒன்றை அனுப்பத் தயாராக இருக்கிறோம். சொன்னதையும் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்பதில்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.